சங்கிலியை இழுத்தால்... தாமஸ் கிராப்பர் கதை!

கழிவறையில் ஃப்ளஷ் பண்ணிவிட்டு வெளியே வந்து படுத்தால், ராத்திரி முழுக்க உள்ளே 'சொர்ர்ர்...' என்று ஒரு சத்தம். எழுந்து போய் கைப்பிடியை ரெண்டு ஆட்டு ஆட்டினால் நிற்கும். படுத்தால் மறுபடியும் ஆரம்பிக்கும். இந்தத் தொல்லையோடு பெயர் சேர்ந்துபோன மனிதர் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர்தான் தாமஸ் கிராப்பர்.

1836-ல் யார்க்‌ஷயரில் தார்ன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். 11 வயதில் லண்டனுக்கு நடந்தே போனார் என்று ஒரு கதை உண்டு. அதை நம்ப வேண்டாம். 1853-ல் லண்டன் செல்சியில் பிளம்பராக இருந்த அண்ணன் ஜார்ஜிடம் தொழில் கற்கச் சேர்ந்தார் என்பதுதான் உறுதியான விவரம். நம்மில் பல பேர் டிப்ளமோவில் சேருகிற வயசுதான்! எட்டு வருஷம் கழித்து, 1861-ல் அதே செல்சியில் சொந்தக் கடை போட்டுவிட்டார்.

கக்கூஸ் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்ட காலம் அது. நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? பீங்கான் கோப்பைகளையும் தொட்டிகளையும் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஊர் பார்க்க அடுக்கி வைத்தார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 1880-களில் வேல்ஸ் இளவரசரின் சாண்ட்ரிங்காம் மாளிகைக்குக் குழாய் வேலை செய்தார். அரச குடும்பத்துக்குப் பொருள் தருபவர் என்ற அங்கீகாரமும் கிடைத்தது.

ஆனால் ஃப்ளஷ் கழிவறையைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை! ஜான் ஹாரிங்டன் 1596-லேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த குழாய்க்கு 1775-ல் பேடண்ட் வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். கிராப்பருக்கு 'சர்' பட்டமும் கிடையாது. 1969-ல் வாலஸ் ரேபர்ன் வேடிக்கையாக எழுதிய ஒரு புத்தகத்துக்குப் பிறகுதான் இந்தக் கதையெல்லாம் ஊர் சுற்ற ஆரம்பித்தது. அவர் விளம்பரம் செய்து விற்ற புகழ்பெற்ற வால்வில்லாத் தொட்டிக்கு 1898-ல் கொடுக்கப்பட்ட 4990-ம் எண் பேடண்ட்கூட ஆல்பர்ட் கிப்ளின் என்பவர் பெயரில்தான் இருக்கிறது. கிப்ளினை யாருக்குத் தெரியும்? தொட்டி மேல் வார்த்திருந்தது கிராப்பர் பெயர். பாவம் கிப்ளின்!

சரி, அந்தத் தொட்டியில் என்ன விசேஷம்? அந்தக் காலத்து லண்டனில் பல வீடுகளில் தொட்டியின் அடியில் ஒரு வால்வு இருக்கும். அது தேய்ந்தால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சில பேர் கைப்பிடியையே கட்டிவைத்து ஓடவிட்டார்களாம். தண்ணீர்க் கம்பெனிகளுக்குத் தலைவலி. கடைசியில் சட்டமே வந்தது. வீணாவதைத் தடுக்கும் தொட்டி வேண்டும், ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று விதித்தார்கள்.

அதற்கு விடை சைஃபன். சங்கிலியை இழுத்தால் உள்ளே இருக்கும் தகடு தண்ணீரை வளைகுழாயின் மேட்டுக்கு மேலே தூக்கிவிடும். அந்தப் பக்கம் விழ ஆரம்பித்தால் மிச்சத் தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். காற்று புகுந்ததும் ஓட்டம் நின்றுபோகும். அடியில் வால்வே இல்லை. அப்புறம் எங்கே ஒழுகுவது? நம்ம ஊர் பழைய ஸ்டேஷன்களில் உயரத்தில் மாட்டியிருந்த இரும்புத் தொட்டியும் இதே தத்துவம்தான். அதில் தகடுக்குப் பதில் மணி. சிவில் நண்பர்கள் பரீட்சைக்குப் படம் போட்டிருப்பீர்கள்!

இப்போது வரும் பிளாஸ்டிக் தொட்டிகளில் மறுபடியும் அடியில் ரப்பர் மூடி. பிரிட்டனிலேயே 2001 முதல் வால்வு தொட்டிக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரப்பர் நாள்பட்டால் விறைத்துப்போகும், சுண்ணாம்பு படியும், இல்லை சங்கிலி சிக்கிக்கொண்டு மூடி சரியாக உட்காராது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் போனால்கூட ஒரு நாளைக்கு 1440 லிட்டர் காலி!

கண்டுபிடிப்பது சுலபம். தொட்டியில் கொஞ்சம் இங்க் ஊற்றிவிட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் கால் மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் குற்றவாளி அநேகமாக அடி ரப்பர்தான், மாற்ற வேண்டியதுதான். ஆனால் தொட்டியின் நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாய் வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றால் ரப்பரைத் திட்டாதீர்கள். அங்கே தப்பு மிதவைப் பந்தில். பந்து ஓட்டையாகித் தண்ணீர் குடித்திருக்கும், அல்லது வாஷர் போயிருக்கும், அல்லது கம்பி மேல்நோக்கி வளைந்திருக்கும். கம்பிதான் என்றால் கையாலேயே கீழே வளைத்து, வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி செய்யலாம். பாதிப் பேர் இதைப் பார்க்காமல் முழு செட்டையும் மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். இந்த மிதவைப் பந்திலும் கிராப்பர் கை வைத்திருக்கிறார். அவர் வாங்கிய ஒன்பது பேடண்ட்களில் அதைச் சீர்திருத்தியதும் உண்டு.

1904-ல் தொழிலை அண்ணன் மகனிடமும் பங்காளியிடமும் ஒப்படைத்துவிட்டு ஓய்வு எடுத்துக்கொண்டார். 1910 ஜனவரி 27-ல் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் சாக்கடை மூடிகளில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அதன் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து எடுத்துப் போகிறார்கள். அவரைப் புதைத்தது எல்மர்ஸ் எண்ட் கல்லறையில். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: தாடிக்கார டபிள்யூ.ஜி. கிரேஸும் அங்கேதான் இருக்கிறார்.