உண்மைக்கு இலக்கணம் கண்ட டார்ஸ்கி

உண்மை என்றால் என்ன? சிறு பிள்ளைக்கும் விடை தெரிந்ததுபோல் தோன்றும் கேள்விதான் இது. விளக்கிச் சொல்ல முற்படும்போதோ பேரறிஞர்களும் தடுமாறியிருக்கிறார்கள். இக்கேள்வியைக் கணிதத்திற்குரிய கண்டிப்போடு அணுகி, விடை கண்டவர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி.

1901ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் டைட்டல்பாம். 1918இல் உயிரியல் படிக்கும் எண்ணத்தோடு வார்சா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். லெஸ்னியெவ்ஸ்கி என்னும் பேராசிரியரின் வகுப்பு அவரைத் தருக்கவியலின் பக்கம் திருப்பியது. 23 வயதில் முனைவர் பட்டமும் பெற்றார்.

திறமை இருந்தும் யூதர் என்ற அடையாளம் வேலைக்குத் தடையாக நின்றது. பெயரை டார்ஸ்கி என மாற்றிக்கொண்டார். கத்தோலிக்க சமயத்திலும் சேர்ந்தார். அப்படியும் போலந்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சிறிய பொறுப்பில் இருந்தபடியே, பிழைப்புக்காக ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தார். உலகப் புகழ்பெற்ற அவருடைய ஆய்வு உருவானது இந்தக் காலத்தில்தான்.

1933இல் போலிஷ் மொழியில் வெளிவந்த அந்த ஆய்வின் அடிப்படை எளிமையானது. ‘காகம் கறுப்பு’ என்ற வாக்கியம் எப்போது உண்மையாகும்? காகம் கறுப்பாக இருந்தால், இருந்தால் மட்டுமே. இதைச் சொல்ல ஓர் ஆய்வா என்று நமக்குத் தோன்றலாம். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘இந்த வாக்கியம் பொய்’ என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். அது உண்மையானால் பொய்யாகிவிடும், பொய்யானால் உண்மையாகிவிடும்! பண்டைய கிரேக்கர் காலம் முதல் அறிஞர்களை அலைக்கழித்த புதிர் இது. இதனாலேயே பலர் உண்மை என்ற சொல்லையே ஐயத்தோடு பார்த்தனர்.

டார்ஸ்கி இதற்கு வழி சொன்னார். போதிய வளம் உள்ள ஒரு மொழி, தன் வாக்கியங்களின் உண்மையைத் தனக்குள்ளேயே முழுமையாக வரையறுத்தால் முரண்பாடு எழும். எனவே பேசப்படும் மொழி ஒன்று, அதைப் பற்றிப் பேசும் மேல்நிலை மொழி மற்றொன்று எனப் பிரிக்க வேண்டும். கண் தன்னைத்தானே பார்க்க முடியாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும். இந்த வரையறை காகத்தின் நிறத்தைக் கண்டுபிடித்துத் தராது. அந்த வேலை, போய்ப் பார்ப்பவருடையது.

1935இல் வியன்னாவின் பூங்கா ஒன்றில் அமர்ந்து இக்கருத்தை டார்ஸ்கி விளக்கக் கேட்ட கார்ல் பாப்பர், அதுவரை தாம் தயங்கிய உண்மை என்ற சொல்லை அதன்பின் துணிந்து பயன்படுத்தினார். பிற்காலத்தில் டொனால்ட் டேவிட்சன் இதே கருத்தைக் கொண்டு, சொற்பொருள் பற்றிய தம் கொள்கையை அமைத்தார்.

1939 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மாநாட்டிற்காக டார்ஸ்கி கப்பல் ஏறினார். விரைவில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, மனைவி மரியாவையும் இரு பிள்ளைகளையும் வார்சாவிலேயே விட்டு வந்திருந்தார். செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. திரும்பும் வழி அடைபட்டது. மனைவி மக்களை அவர் மீண்டும் கண்டது 1946இல்தான். பெற்றோரையும் தம்பியையும் நாஜிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்தார்.

அந்நிய மண்ணில் தற்காலிக வேலைகளில் காலம் தள்ளிய அவருக்கு, 1942இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இடமளித்தது. அவர் அங்கே உருவாக்கிய மாணவர் கூட்டம் பெர்க்லியைத் தருக்கவியலின் தலைநகராக்கியது. 1983இல் அங்கேயே மறைந்தார்.

பிறப்பைப் பார்த்து மனிதரை ஒதுக்கிய காலத்தில் வாழ்ந்தவர் டார்ஸ்கி. அவர் தந்த இலக்கணத்திலோ சொன்னவரின் குலத்துக்கும் பதவிக்கும் இடமில்லை; நம்புவோரின் எண்ணிக்கைக்கும் இடமில்லை. காகம் கறுப்பா என்பது ஒன்றே கேள்வி. பட்டம் பெற்று வெளியேறும் நாமும் எதையும் ஏற்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவோம்.