இடது காலையும் பழக்கிய ஆசிரியர்

விளையாட்டு விழா நாளன்று வெற்றிக் கோப்பையை ஏந்தி நிற்பவரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். கை தட்டி மகிழ்கிறோம். அந்தக் கோப்பைக்குப் பின்னால் இன்னொருவர் இருப்பார். விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து, கோடு கிழித்து, விசில் ஊதி, சோர்ந்தவரைத் தேற்றி, செருக்குற்றவரைத் திருத்தியவர் அவர். அவர் பெயர் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர் இந்திய நாட்டுக்கே ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரு முறை கால்பந்துத் தங்கம் பெற்றுத் தந்தார். அவர்தாம் ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம். எல்லோரும் அவரை அன்புடன் ரஹீம் சாகிப் என்றே அழைத்தனர்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக் கழகத்தில் பயின்ற நாளிலேயே பல்கலைக் கழக அணியில் சிறப்பாக ஆடினார். அந்நாளில் ஹைதராபாத்திலும், பக்கத்திலிருந்த செகந்தராபாத் ராணுவக் குடியிருப்பிலும் கால்பந்து செழித்திருந்தது. பட்டாளத்து அணிகளோடு மோதி மோதியே ஊர் இளைஞர்கள் ஆட்டம் பயின்றார்கள். ரஹீமும் அவர்களில் ஒருவர்.

பட்டம் பெற்றபின் அவர் ஏற்றது ஆசிரியப் பணி. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றில் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளி விளையாட்டுக்கும் பொறுப்பேற்றார். பின்னர் ஹைதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இறக்கும் வரை அப்பொறுப்பில் இருந்தார். நாடறிந்த பயிற்சியாளரான பிறகும் அவரிடம் பள்ளி ஆசிரியரின் இயல்பே மேலோங்கி நின்றது. மாணவனுக்கு என்ன வராதோ அதைக் கண்டுபிடிப்பதும், அதையே பொறுமையாகக் கற்றுக் கொடுப்பதும் அவர் வழி.

மைதானமே வகுப்பறை

இளைஞர்களை உருவாக்க ரஹீம் கையாண்ட முறைகள் அந்நாளில் புதுமையானவை. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது, பந்தைத் தனியே கடத்திச் செல்லக் கூடாது என்ற விதியோடு நடந்த போட்டிகள். சிறுவன் ஒருவன் கையில் புதுப் பம்பரம் கிடைத்தால் பிறருக்குத் தருவானா? பந்து கிடைத்தாலும் அப்படித்தான். நாலு பேரை ஏமாற்றித் தானே கோல் போட வேண்டும் என்று ஆசைப்படுவான். ரஹீம் அதைத் தடை செய்தார். பந்து வந்ததும் உடனே அடுத்தவனுக்குக் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுக்க வேண்டுமானால், பந்து வருமுன்பே தோழன் எங்கே நிற்கிறான் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். தோழனும் மரம்போல் நிற்காமல், பந்தைப் பெறுவதற்கு ஏற்ற இடத்துக்கு ஓடி வரவேண்டும். இவ்வாறு ஒரே ஒரு விதியினால், கண்ணுக்கும் காலுக்கும் மனத்துக்கும் ஒருங்கே பயிற்சி கிடைத்தது.

இரண்டாவது, பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற போட்டிகள். நம்மில் பெரும்பாலோர் வலக்கால் பழக்கமுள்ளவர்கள். எதிரணி ஆட்டக்காரன் அதை அறிந்து கொண்டால், அந்தப் பக்கத்தை மறைத்து நின்றே நம்மை முடக்கிவிடுவான். இரு கால்களும் பழகியவனை அவ்வாறு முடக்க முடியாது. ஆனால் பழகாத காலால் உதைக்கத் தொடங்கினால் பந்து தாறுமாறாகப் போகும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதற்கு வெட்கப்பட்டுத்தான் பலர் அந்த முயற்சியைக் கைவிடுகிறார்கள். போட்டியில் ஆடுகிற அத்தனை பேரும் பழகாத காலால் உதைக்கும்போது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? வெட்கம் விலகியது, பயிற்சி வளர்ந்தது.

மூன்றாவது, உயர அளவு வைத்து நடத்திய போட்டிகள். ஒரே வகுப்பில் நெடிதுயர்ந்த பிள்ளையும் இருக்கும், சிறுத்த பிள்ளையும் இருக்கும். இருவரையும் மோதவிட்டால் திறமை தோற்று உடல் பலம் வெல்லும். சிறுத்த பிள்ளை மனமொடிந்து விளையாட்டையே விட்டுவிடும். ஒத்த உயரமுள்ளவர்கள் ஒருவரோடொருவர் ஆடும்போது, யாரிடம் உண்மையான திறமை இருக்கிறது என்பது ஆசிரியர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ரஹீம் சாகிப் இசுலாமியப் பெருமகனார். ஆயினும் அவருடைய இரண்டாவது முறையை எண்ணும்போது, நமது மறைக்கல்வி வகுப்பில் கேட்ட தாலந்து உவமைதான் நினைவுக்கு வருகிறது. தலைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனைப்போல, நாமும் நமக்குத் தரப்பட்ட ஏதோ ஒன்றைப் பயன்படுத்தாமலே புதைத்து வைத்திருக்கிறோம். அதைத் தோண்டி எடுக்கச் செய்பவரே நல்லாசிரியர்.

ஏழைச் சிறுவனும் சைக்கிளும்

செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஹைதராபாத் அணித் தேர்வுக்கு வருமாறு அழைத்தார். நாள்தோறும் அவ்வளவு தூரம் வந்து போக இளைஞரிடம் காசில்லை. திறமை இருந்தால் தானே வந்து சேரட்டும் என்று ரஹீம் இருந்துவிடவில்லை. அவர் வந்து போவதற்குச் சைக்கிள் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அந்த இளைஞர்தாம் 1956-ஆம் ஆண்டிலும் 1960-ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடி, நாட்டின் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றார். ஒரு சைக்கிள் இல்லாமற் போயிருந்தால் நாடு ஒரு பலராமை இழந்திருக்கும். நம் ஊர்களில் ஒரு சைக்கிளுக்கோ ஒரு ஜோடி காலணிக்கோ வழியின்றி நின்றுவிட்ட பலராம்கள் எத்தனை பேரோ!

வெற்றியும் தோல்வியும்

1950-இல் ரஹீம் ஹைதராபாத் நகரக் காவல் துறை அணியின் பயிற்சியாளரானார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியும் அவர் பொறுப்பில் வந்தது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், மேவாலால் அடித்த ஒரே கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10–1 என்ற கணக்கில் தோற்றது. நம்மவரில் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினர். ரஹீம் மனம் தளரவில்லை. தோற்ற பாடத்தை மீண்டும் படிக்கும் மாணவரைப்போல், ஐரோப்பிய அணிகளின் ஆட்ட முறைகளைக் கூர்ந்து கவனித்துக் கற்றார். இந்திய ஆட்டக்காரர்களும் பூட்ஸ் அணிந்து ஆடலாயினர்.

நான்கே ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அம்முறை இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1–1 எனச் சமநிலை கண்டது. அந்த அணியில் நம் தமிழகத்து வீரர் சைமன் சுந்தரராஜும் இடம் பெற்றிருந்தார்.

ஜகார்த்தாவில் ஒரு மாலை

1962-இல் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ரஹீமின் உடலை நோய் அரிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்தது இந்தியா.

இதற்கிடையே தடுப்பாட்டக்காரர் ஜர்னயில் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. வேறொருவராயின் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரஹீமோ அவருக்கு முன்கள ஆட்டக்காரர் என்ற புது இடத்தைக் கொடுத்தார். காயம்பட்டவரிடமும் இன்னும் பயன்படாத ஒரு திறமை இருப்பதை அந்தக் கண்கள் கண்டுகொண்டன. அரையிறுதியில் தென் வியட்நாமை 3–2 என வென்றபோது ஜர்னயில் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்த்துக் கொள்ளாததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்ததால், அங்கிருந்த மக்கள் இந்தியர்மீது கோபம் கொண்டிருந்தனர். அரங்கம் நிறைந்த கூட்டம் நம்மவரை எதிர்த்தே முழங்கியது. ஆட்டத்துக்கு முந்தைய நாள், தங்கப் பதக்கத்தைத் தமக்கு ஒரு பரிசாகத் தரும்படி ரஹீம் கேட்டதாக அவருடைய வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர்.

கோல் காக்கும் பொறுப்பு, காய்ச்சலிலிருந்து தேறி வந்த பீட்டர் தங்கராஜிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தபோது முன்கள ஆட்டக்காரர். அங்கேதான் கோல் காப்பாளராக மாறினார். கோவாவின் பார்ச்சுனாட்டோ பிராங்கோ, பஞ்சாபின் ஜர்னயில் சிங், வங்காளத்தின் சுனி கோஸ்வாமி, ஹைதராபாத்தின் யூசுப் கான், கேரளத்தின் சந்திரசேகரன், நம் பலராம் என வெவ்வேறு மொழியும் சமயமும் உடையவர்கள் ஒரே உள்ளத்தோடு ஆடினர். 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், 20-ஆம் நிமிடத்தில் தலையில் கட்டோடு நின்ற ஜர்னயிலும் கோல் அடித்தனர். தென் கொரியா இறுதி நேரத்தில் ஒரு கோல் போட்டது. இந்தியா 2–1 என வென்றது. ஆசிரியர் கேட்ட பரிசை மாணவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

மறைவும் அதன்பின்னும்

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11-ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவருடைய மகன் ஹக்கீம் 1960 ஒலிம்பிக் அணியில் இடம் பெற்றவர். பின்னாளில் நடுவராகவும் பயிற்சியாளராகவும் தொண்டாற்றி 2021-இல் மறைந்தார். பலராம் 2023-இல் மறைந்தார். ரஹீமின் கதை 2024-இல் மைதான் என்ற இந்தித் திரைப்படமாக வெளிவந்தது.

1970-இல் வெண்கலம் கிடைத்ததோடு சரி. 1962-க்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கம் இந்திய ஆடவர் அணிக்குக் கிடைத்ததே இல்லை. நாட்டில் ஆட்டக்காரர்கள் பிறக்காமலா போனார்கள்? ரஹீம் தங்கத்தை ஜகார்த்தாவில் தேடவில்லை. ஹைதராபாத்தின் பள்ளி மைதானங்களில், உயரத்தில் சிறுத்த பையன்களிடமும் காசில்லாத பையன்களிடமும் தேடினார். அந்தத் தேடலை ஊர்தோறும் தொடர்ந்து செய்ய அவரைப் போன்ற ஆசிரியர்கள் போதிய அளவில் அமையவில்லை. மரத்தின் கனியை விரும்பிய நாம், நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோம்.

அன்பு மாணவியரே! இன்று பெண்களும் கால்பந்து ஆடுகிறார்கள். நம் தமிழகத்துப் பெண்கள் இந்திய அணியிலும் இடம் பெற்றிருக்கிறார்கள். மைதானத்தில் இறங்கும்போது பந்தைத் தோழிக்குக் கொடுக்கப் பழகுங்கள். சிரிப்பார்களே என்று அஞ்சாமல் பழகாத காலையும் பழக்குங்கள். கணக்கோ ஆங்கிலமோ மேடைப் பேச்சோ, உங்களுக்கு வராதது எதுவோ அதுவே உங்கள் இடது கால்.

பெற்றோர்களே! மாலையில் ஒரு மணி நேரம் மகள் மைதானத்தில் நின்றால் படிப்புக் கெட்டுவிடும் என்று தடுக்காதீர்கள். நாட்டுக்குத் தங்கம் தேடித் தந்தவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தாம். அவர் தம் பாடங்களை நடத்திய இடமும் பள்ளி மைதானம்தான்.