இரண்டு மொழி தெரிந்த பையனும் 1,60,000 ஏக்கரும்

நியூயார்க் பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஹட்சன் ஆற்றை ஒட்டி வடக்கே காரில் போகும்போது லிவிங்ஸ்டன் என்ற ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு அகதி வீட்டுப் பிள்ளை.

ராபர்ட் லிவிங்ஸ்டன் 1654-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அப்பா ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று நின்றதால் நாடு கடத்தப்பட்டார். குடும்பம் ராட்டர்டாம் போய்ச் சேர்ந்தது. வீட்டில் ஒரு பேச்சு, தெருவில் டச்சு. நம்ம பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

அப்பா இறந்த பிறகு, 1673-இல், கப்பலேறி அமெரிக்கா வந்தார். போன இடம் ஆல்பனி. அப்போதுதான் அந்த நாடு டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. ஊர் பேசுவது டச்சு, அரசாங்கம் கேட்பது ஆங்கிலம். இரண்டும் தெரிந்த இளைஞனை விடுவார்களா? ஊர் எழுத்தர் வேலை கிடைத்தது. இரோக்குவா பழங்குடியினருடன் நடந்த பேச்சுவார்த்தைகளைப் பதிவு செய்யும் செயலாளர் பதவியும் பின்னால் வந்தது. எந்த நிலம் யாரிடம் இருக்கிறது, எந்த அதிகாரிக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் முதலில் தெரிவது அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே.

1679-இல் அலிடா ஸ்கைலரை மணந்தார். அவர் வான் ரென்சலர் என்ற பெரிய பண்ணைக் குடும்பத்தின் விதவை. பிறந்த வீடும் செல்வாக்கானது. பலர் இதை ராபர்ட்டின் சாமர்த்தியம் என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ராபர்ட் நியூயார்க்கிலும் லண்டனிலும் பதவிக்கும் பாக்கிப் பணத்துக்கும் அலைந்தபோது ஆலை, கடை, குத்தகைக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்தது அந்த அம்மாதான். கணவருக்கு டச்சு மொழியில் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

நிலம் சேர்ந்த கதையைக் கேளுங்கள். மோஹிக்கன் மக்களிடம் வாங்கியதாகக் காட்டியது இரண்டு துண்டுகள்: ஒன்று 2,000 ஏக்கர், இன்னொன்று 600. ஒன்று ஆற்றங்கரையில், மற்றது பல மைல் தள்ளி உள்ளே. 1686-இல் ஆளுநர் டோங்கன் கொடுத்த பட்டயத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவில் இருந்ததும் உள்ளே வந்துவிட்டது. மொத்தம் 1,60,000 ஏக்கர்! லஞ்சம் இல்லாமலே எழுத்தில் இப்படி நடக்குமா என்று கேட்டால், நம்ம ஊர்ப் பத்திர ஆபீஸ் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

கேப்டன் கிட் கடலுக்குப் போனதில் ராபர்ட்டுக்கும் பங்கு உண்டு. கிட் 1701-இல் லண்டனில் தூக்கில் தொங்கினார், பங்குதாரர் தப்பித்தார். 1710-இல் ஜெர்மனியிலிருந்து பாலடைன் அகதிகள் வந்தார்கள். அவர்கள் குடியேற அரசுக்கு 6,000 ஏக்கர் விற்றவரும், அவர்களுக்கு ரொட்டி போடும் ஒப்பந்தத்தை எடுத்தவரும் இவரே. அகதியாக வளர்ந்தவர் அகதிகளை வைத்துக் காசு பார்த்தார். அது மட்டுமல்ல, பண்ணையில் அடிமைகளும் இருந்தார்கள். மகன் பிலிப் அடிமை வணிகத்திலேயே இறங்கினார்.

1718 முதல் சட்டமன்ற சபாநாயகர். 1727-இல் அலிடா போனார், அடுத்த வருஷம் ராபர்ட். பேரன் இன்னொரு பிலிப் 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். கொள்ளுப்பேரன் ராபர்ட் 1789-இல் வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். பண்ணைக் குத்தகைக்காரர்களோ அதற்கு முன்பும் பின்பும் வாடகைக்கு எதிராகக் கலகம் செய்துகொண்டே இருந்தார்கள்.