தேதியை இரண்டு முறை எழுதியவர்



இந்த மாதம் வாழ்க்கை வரலாறு பகுதிக்கு யாரை எழுதலாம்னு யோசிச்சப்ப, தூர தேசத்து விஞ்ஞானி யாரும் வேண்டாம், நம்ம இரும்பையிலிருந்து சைக்கிளிலேயே போகக்கூடிய தூரத்தில் வாழ்ந்த ஒருவரை எழுதுவோம் என்று முடிவு செய்தேன். அவர்தான் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் பெயரில் ஒரு வீதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன செய்தார் என்று கேட்டால், டைரி எழுதினார் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

1709-ஆம் ஆண்டு சென்னை பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக இருந்ததால் அவரும் இங்கே வந்தார். துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்காரருக்கும் நம்ம ஜனங்களுக்கும் நடுவில் நின்று பேச்சு, பணம், கடிதம் எல்லாவற்றையும் கவனிப்பவர். 1716-இல் நைனியப்பர் மீது குற்றம் சாட்டி, சொத்தைப் பறித்து, சிறையில் போட்டார்கள். 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது அதற்கப்புறம்தான். அப்போது ரங்கப் பிள்ளை சின்னப் பையன். எதையும் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு ஏன் வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

1736-இல், நள வருஷம் ஆவணி மாதம், டைரியைத் தொடங்கினார். அடுத்த 25 வருஷம் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, கோட்டையில் எத்தனை குண்டு போட்டார்கள், ஆற்காட்டிலிருந்து என்ன கடிதம் வந்தது, அதில் என்ன இருந்தது, துணி என்ன விலை, ஊரில் யார் யாரைத் திட்டினார்கள், எல்லாம் உண்டு. பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். தன்னைப் பற்றி ஜோசியர் சொன்ன நல்லதையும் மறக்காமல் எழுதிக்கொண்டார்!

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் தேதி போடும் முறை. ஐரோப்பியத் தேதியை எழுதி, பக்கத்திலேயே தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை எல்லாம் எழுதுவார். ஒரு தேதி போதாதா? போதாது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர் புதிய காலண்டர், ஆங்கிலேயர் பழைய காலண்டர். இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த நாள் அவர்கள் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. நாள் ஒன்றுதான்!

இப்ப ஒரு கணக்குப் போடுவோம். புதுச்சேரியில் செப்டம்பர் 24 என்று தேதி போட்டு ஒரு கடிதம் கிளம்புகிறது. மரக்காணம் உப்பளக் கரைப் பக்கமா ஓட்டமா ஓடி ஆள் மூணாம் நாள் சென்னைக்குப் போய்ச் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆங்கிலேய குமாஸ்தா நோட்டில் எழுதுவது செப்டம்பர் 16. அனுப்புவதற்கு எட்டு நாள் முன்பே கடிதம் கிடைத்துவிட்டது! யாரும் பொய் எழுதவில்லை, எண்ணும் தப்பில்லை. அது எந்தக் காலண்டர் எண் என்று எழுதாததுதான் கோளாறு. கூடவே புரட்டாசி இத்தனாம் தேதி, இந்தக் கிழமை என்று இருந்தால் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும். 1752-இல்தான் ஆங்கிலேயர் செப்டம்பர் 2-க்கு மறுநாளை செப்டம்பர் 14 ஆக்கி வழிக்கு வந்தார்கள்.

கணினி பாடம் எடுத்திருக்கிற பதினொன்றாம் வகுப்புக்காரர்களுக்கு இது புதுசில்லை. ஜாவாஸ்கிரிப்டில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் 5-உடன் 1-ஐக் கூட்டினால் 6 வராது, 51 வரும். இமெயில் அனுப்பும் கம்பெனிகளும் ரங்கப் பிள்ளை மாதிரியே பதிவு வைக்கின்றன: எப்போது போனது, எப்போது சேர்ந்தது, எது திரும்பி வந்தது. சில பதிவுகளில் நேரம், 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி என்ற எண்ணாக வரும். ஜாவாஸ்கிரிப்ட் எதிர்பார்ப்பது மில்லி விநாடி. அப்படியே கொடுத்தால் இன்றைக்கு வந்த மெயில் எல்லாம் 1970 ஜனவரியில் வந்ததாகக் காட்டும்! எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் டைப்ஸ்கிரிப்ட் முன்கூட்டியே பிடித்துக் கொடுக்கும். ஆனால் விநாடியும் எண், மில்லி விநாடியும் எண். அதை அது கண்டுகொள்ளாது. நாம்தான் பெயரிலேயே விநாடி என்று எழுதி வைக்கணும்.

சரி, கதைக்கு வருவோம். 1746-இல் தலைமைத் துபாஷ் கனகராய முதலியார் இறந்த பிறகு, அந்தப் பதவி ரங்கப் பிள்ளைக்கு வந்தது. கிறிஸ்தவர்தான் வேண்டும் என்று எதிர்ப்பு இருந்தும் கவர்னர் டூப்ளே இவரையே வைத்துக்கொண்டார். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். கவர்னருக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தும் இவரால் தடுக்க முடியவில்லை. அதையும் அதே டைரியில் தேதி போட்டு எழுதினார். அந்தப் பக்கத்தை எழுத அவருக்கு எப்படிக் கை வந்திருக்கும்!

1754-இல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்பிய பின் இவர் செல்வாக்கு குறைந்து, பதவியும் போனது. உடம்பும் கெட்டது. ஆனாலும் எழுதுவதை விடவில்லை. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த அதே மாதம், காலமானார். டைரி குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்து, 1846-இல் வெளியே தெரிந்தது. நடுவில் சில பகுதிகள் தொலைந்துவிட்டன. மீதி இருந்ததே 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது.

அவர் வீடு ரங்கப் பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவோடு மீன், காய்கறி வாங்கப் போகிறவர்கள் பையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் பார்த்துட்டு வாங்க.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி