மாணவர் சூழ வாழ்ந்த மகாவித்துவான்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடிப் பரிசில் பெற்ற புலவர் பலர். பெற்ற பரிசிலை வீடு சேருமுன்பே மாணவரின் பொருளாக எண்ணியவர் மிகச் சிலர். அச்சிலருள் தலைசிறந்தவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

அவர் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் தோன்றினார். தமிழாசிரியராகிய தந்தை சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசான். பதினைந்து வயதளவில் தந்தையை இழந்த அவருக்கு, அதன்பின் ஒரே இடத்திலிருந்து முறையாகக் கற்கும் வாய்ப்பு அமையவில்லை. ஒரு நூலை அறிந்தவர் எங்கிருப்பினும் தேடிச் சென்று பணிந்து கேட்டார். தண்டியலங்காரம் கற்றிருந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் வீடுதோறும் பிச்சை ஏற்று வந்தார். எளிதில் பாடம் சொல்ல இசையாத அவர் பின்னாலேயே இளைஞராகிய பிள்ளை நடந்தார். ஏவிய பணிகளைச் செய்தார். இடையிடையே அவர் மனம் இரங்கிச் சொல்லியவற்றைக் கொண்டே அந்நூலை நிறைவுறக் கற்றார்.

கல்விக்காகத் தாம் கொடுத்த அவ்விலையைத் தம்மிடம் வந்த எவரும் கொடுக்க வேண்டாம் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் காத்த நெறியாயிற்று. அவர் எவரிடமும் பொருள் பெற்றுப் பாடஞ் சொன்னதில்லை. திருச்சிராப்பள்ளியிலும், பின்னர் மாயூரத்திலும், திருவாவடுதுறையிலும் அவர் இருந்த இடமெல்லாம் பாடசாலையாயிற்று. சாதியும் சமயமும் அங்கே வாயிற்காவல் நிற்கவில்லை. நாகூர் குலாம்காதிறு நாவலர் இசுலாமியர். புதுவைச் சவராயலு நாயகர் கிறித்தவர். தியாகராச செட்டியார் சைவர். மூவருக்கும் அவர் ஆசிரியர்.

திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் அம்பலவாண தேசிகர் மகாவித்துவான் என்னும் பட்டமளித்துச் சிறப்பித்தார். பிள்ளை 20-க்கும் மேற்பட்ட தலபுராணங்களையும், சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்கள் பலவற்றையும் இயற்றினார். புராண அரங்கேற்றங்களில் பொருளும் வந்தது. ஆயினும் உடனுறையும் மாணவர் உணவுக்கும் பிற தேவைக்கும் அது கரைந்தது. கடன் அவரை விட்டு நீங்கவேயில்லை. வறுமையை மாணவர் அறியாமல் மறைக்க அவர் முயன்றதும், அறிந்த மாணவர் அறியாதவர் போல் இருந்ததும் அவ்வீட்டின் அன்றாட வழக்கங்கள்.

அவர் செய்யுட்களை வாயாற் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவர். எழுதுவதே அவர்களுக்குப் பாடமுமாயிற்று. 1871இல் மாயூரத்திற்கு வந்து சேர்ந்த இளைஞர் சாமிநாதனும் அக்கூட்டத்தில் ஒருவரானார். திருவாவடுதுறையில் மடத்துக் குமாரசாமித் தம்பிரானும் அவரும் ஒருங்கிருந்து பாடங் கேட்டனர்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில், தமது 61ஆம் அகவையில், மகாவித்துவான் மறைந்தார். அவ்விறுதி வேளையில் கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பிற் சார்த்திக்கொண்டிருந்தார். அந்தணராகிய சாமிநாதன் அருகிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படித்தார். பொன்னும் பொருளும் சேர்த்து வையாத அவர் சேர்த்து வைத்தவர்கள் இவர்களே.

அவர் கொடுத்ததை அவருக்கே திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை. அப்போதுதான் அப்பாடசாலையின் இயல்பு வெளிப்பட்டது. சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதனை மடத்திலேயே இருத்தித் தாமே பாடஞ் சொன்னார். சாமிநாதன் தமக்கு இளைய மாணவர்க்குச் சொன்னார். 1880இல், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற எண்ணியபோது, அவ்விடத்திற்குத் தம் ஆசிரியரின் இளைய மாணாக்கரையே தேர்ந்தார். தேசிகரிடம் வந்து கேட்டு அழைத்துச் சென்றார். வேலை கிடைக்கும்வரை துணை நின்றார். ஆசிரியருக்குச் செலுத்த இயலாத நன்றியை ஒருசாலை மாணாக்கருக்குச் செலுத்தினார் எனலாம்.

அக்கொடையின் பயனைத் தமிழுலகம் அறியும். கும்பகோணத்தில் இருந்த காலத்திலேதான் சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராய்ந்து 1887இல் பதிப்பித்தார். தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அச்சேறின. சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறியபோது தம் இல்லத்திற்கு அவர் இட்ட பெயர் தியாகராஜ விலாசம். தமக்கு இடங்கொடுத்தவர் பெயரையே தாம் இருக்கும் இடத்திற்குச் சூட்டினார்.

ஆசிரியரின் பிரபந்தங்களைத் தேடித் திரட்டி வெளியிட்ட அவர், எண்பதை அணுகிய முதுமையில், 1933, 1934ஆம் ஆண்டுகளில் மகாவித்துவானின் சரித்திரத்தை இரு பகுதிகளாக எழுதி முடித்தார். ஆசிரியர் மறைந்து அப்போது ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்நூலில் பெரும்புலவர் மட்டும் இல்லை. பாடம் சொன்ன பரதேசி, உதவிய ஊரார், உடன்பயின்ற தோழர் ஆகிய அனைவரும் தத்தமக்குரிய இடத்தில் நிற்கின்றனர். பிச்சை ஏற்றவர் பின்னே நடந்து பெற்ற கல்வி, பெற்றவர் ஒருவரிடமும் தேங்காமல் கைமாறிச் சென்ற வரலாறு அது.