சிறையிருந்த பாப்பானவர் 7-ம் பத்திநாதர்



நெப்போலியன் சக்கரவர்த்தியின் யுத்தங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் செய்த சமாதானங்கள் எத்தனை காலம் நின்றன என்று பார்த்ததுண்டா? 1802-ல் ஆமியேன் நகரில் இங்கிலாந்தோடு சமாதானம். மறு வருடமே யுத்தம். 1807-ல் தில்சித் அருகே ஆற்றுத் தெப்பத்தில் ருஷிய ஜாரோடு சிநேகம். 1812-ல் அதே ஜார்மேல் படையெடுப்பு. 1810-ல் தம் மகளைக் கொடுத்த ஆஸ்திரிய சக்கரவர்த்தி 1813-ல் எதிரியானார். மாமனார் மருமகன் உறவே மூன்று வருடம்தான்!

இந்தக் கூட்டு எதிலும் சேர மறுத்தவர் 7-ம் பத்திநாதர். 1742-ல் இத்தாலியில் செசேனா ஊரில் பிறந்து, அர்ச். ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகி, இமோலா மேற்றிராணியாராகவும் கர்தினாலாகவும் இருந்தவர். முந்திய பாப்பானவர் 1799-ல் பிரெஞ்சுக்காரரின் கைதியாகவே மரித்ததால், கர்தினால்மார் வெனிஸில் கூடி 1800-ல் இவரைத் தெரிந்துகொண்டார்கள்.

இவர் சமாதானத்தை வெறுத்தவரல்ல. 1801-ல் நெப்போலியனோடு உடன்படிக்கை செய்து பிரான்சில் கோவில்களை மீண்டும் நிலைநிறுத்தினார். 1804-ல் முடிசூட்டு விழாவுக்குப் பாரிஸ் வரை போனார். ஆனால் இங்கிலீஷாருக்குத் துறைமுகங்களை மூடும்படி கட்டளை வந்தபோது, எல்லோருக்கும் தந்தையானவர் ஒரு ஜாதிக்குப் பகையாக முடியாதென்று மறுத்துவிட்டார். 1808-ல் பிரெஞ்சுப் படை உரோமையில் நுழைந்தது. 1809 ஜூலை 6-ந் தேதி விடியுமுன் 66 வயதான அவரை வண்டியிலேற்றிக் கொண்டுபோனார்கள். அவரிடமும் உடன்சென்ற கர்தினால் பாக்காவிடமும் சில சில்லறைக் காசுகளே இருந்தன.

முதலில் சவோனாவில் காவல். மேற்றிராணிமாரை நியமிக்கும் அதிகாரத்தை விடாததற்காகப் பேனாவும் மையும்கூடப் பறிக்கப்பட்டன. 1812-ல் பொந்தென்புளோ அரண்மனைக்குக் கொண்டுபோகையில் வழியில் நோயுற்று மரணத் தறுவாய்க்குப் போனார். ருஷியாவில் படையை இழந்து திரும்பிய நெப்போலியன், 1813 ஜனவரியில் நேரில் வந்து நாட்கணக்கில் நெருக்கினார். தளர்ந்த கிழவர் 25-ந் தேதி கையெழுத்திட்டார். ஆறு மாதத்துக்குள் பாப்பானவர் நியமிக்காவிட்டால் வேறொருவர் நியமிக்கலாம் என்பது அதிலிருந்த ஷரத்து.

அன்றைய அரசர்களுக்கு இது பெரிய காரியமல்ல. கையெழுத்திடுவதும் மீறுவதும் அவர்களுக்கு வழக்கம். இவருக்கோ மனச்சாட்சி பொறுக்கவில்லை. பூசை செய்யவும் துணியாமல் தவித்தார். காவலர் கண்ணுக்குத் தப்பித் தினமும் சில வரிகளாக, தாம் செய்தது தவறென்றும், கையொப்பத்தை மீட்டுக்கொள்வதாகவும் தம் கைப்பட எழுதி, மார்ச் 24-ல் நெப்போலியனுக்கே அனுப்பினார். கைதியாக இருந்துகொண்டே இதைச் செய்தாரென்பதைக் கவனியுங்கள்.

1814 ஜனவரியில் விடுதலையாகி, மே 24-ல் உரோமைக்குத் திரும்பினார். இடையே ஏப்ரலில், அதே பொந்தென்புளோ அரண்மனையில், நெப்போலியன் முடிதுறந்தார். மறு வருடம் வியன்னா மகாநாட்டில் கர்தினால் கொன்சால்வி பாப்பானவரின் நாட்டில் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார்.

பிறகு நெப்போலியனின் தாயாருக்கு ஐரோப்பாவில் புகலிடம் தேவைப்பட்டது. பாப்பானவர் உரோமையில் இடங்கொடுத்தார். 1817-ல், அர்ச். எலேனா தீவில் நெப்போலியன் படும் துன்பத்தைக் குறைக்கும்படி இங்கிலீஷ் அரசுக்கு எழுதக் கொன்சால்வியை ஏவினார். 1819-ல் இரண்டு குருக்கள் அத்தீவில் போய் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கையால் அவஸ்தைப்பூசுதல் பெற்று, 1821 மே 5-ல் நெப்போலியன் இறந்தார். பாப்பானவர் அதன்பின் இரண்டு வருடம் இருந்து, 1823 ஆகஸ்டு 20-ல் மரித்தார்.