விடிய விடிய நம்மை விழிக்க வைத்த வாத்தியார்



நம் தோட்டங்களில் அந்தக் காலத்துத் திருவிழா எப்படி இருந்தது என்று மூத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல். பலகையும் கம்பும் சுமந்து வந்து தோட்டத்துப் பிள்ளைகளே கட்டிய மேடை. லயத்துச் சனங்கள் பாயும் தலையணையுமாக வந்து சாயங்காலமே முன்னிடம் பிடித்து விடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் கிளம்பினால், கிழக்கு வெளுக்கிற வரைக்கும் நாடகம்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று ஒவ்வொரு வருசமும் ஒன்று. கண் சிவக்கப் பார்த்துவிட்டு, மறுநாள் வாளியைத் தூக்கிக் கொண்டு மரம் வெட்டப் போனவர்கள் நம் அப்பனும் ஆத்தாளும்.

அண்மையில் பிறைப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். வயது எண்பதைத் தொட்டுவிட்டது. இளவயதில் தோட்டத்து மேடையில் வள்ளி வேடம் கட்டியவர். பெண்பிள்ளைகளை மேடை ஏற்றப் பெற்றவர்கள் சம்மதிக்காத காலம் அது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தை இரண்டு பக்கமும் அவரே நின்று, ஒரு அடி பிசகாமல் பாடிக் காட்டினார். பாட்டெல்லாம் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகம், தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் சாமான்களோடு சாமானாகத் தொலைந்து போயிற்றாம். மனசில் இருந்தது மட்டும் மிச்சம்.

இதை எழுதியவர் யார் பெரியவரே என்று கேட்டோம். தோட்டத்து நாடக வாத்தியார் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது என்றார். அறுபது வருசமாக ஒருவருடைய வார்த்தையை நெஞ்சில் சுமந்து கொண்டிருக்கிறார். சுமந்தவருக்கு எழுதியவரின் பெயர் தெரியவில்லை. குற்றம் அவருடையதல்ல, சொல்ல வேண்டிய நாம் சொல்லாமல் இருந்து விட்டோம். அந்தக் கடனைத்தான் இந்த வாரம் தீர்க்கப் பார்க்கிறோம்.

அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி என்ற சிற்றூரில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். தந்தை தாமோதரம் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவர். முதல் தமிழ்ப் பாடம் தகப்பனிடமே கிடைத்தது. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் செய்யுளும் பயின்றார். வெண்பாவும் சந்தப் பாட்டும் கேட்ட மாத்திரத்தில் கட்டிச் சொல்லும் வல்லமை இளமையிலேயே வாய்த்து விட்டது.

ஆனால் பாட்டு சோறு போடுமா? தூத்துக்குடியில் உப்பளத் தொழிலோடு சேர்ந்த கணக்கு வேலைக்குப் போனார். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் ஒரு கிராணி வேலை. வெயிலும் உப்புமாக வேகிற தொழிலாளிகளின் கூலிக் கணக்கைப் பார்த்துக் கொண்டு, ஒழுங்காகச் சம்பளம் வாங்கிக் காலத்தை ஓட்டியிருக்கலாம். இருபத்துநான்காவது வயதில், 1891 வாக்கில், அதை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

அன்றைக்கு இது சாமானியமான முடிவு இல்லை. நடிகன் என்றால் கூத்தாடி என்று சொல்லி முகம் சுளிக்கிற உலகம் அது. குடியிருக்க வீடு கேட்டால் தரமாட்டார்கள். பெண் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அதே 1891ஆம் ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வு நேரத்தில் நடித்த சபை. சுவாமிகள் போய்ச் சேர்ந்ததோ, நாடகத்தையே வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்ட ஏழைக் கலைஞர்களின் உலகம்.

கல்யாணராமையர் முதலானோர் நடத்திய சபையில் அவருக்குக் கிடைத்தவை பயங்கர வேடங்கள். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். ஆஜானுபாகுவான உடம்பும் இடி போன்ற குரலும் அதற்குப் பொருந்தின. ஒரு சேதி வழி வழியாகச் சொல்லப்படுகிறது. நளன் கதையில் சனீஸ்வரனாக இரவு முழுதும் நடித்துவிட்டு, மையும் சாயமும் கலைக்காமல் விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனாராம். அந்த அரையிருட்டில் அவர் உருவத்தைக் கண்ட பெண்ணொருத்தி அலறி விழுந்து உயிரை விட்டாளாம். சாவித்திரி நாடகத்தில் அவருடைய எமனைப் பார்த்து நடுங்கிய ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும் சொல்வார்கள். தன் நடிப்பு பிறர் உயிருக்கு எமனாவதா என்று மனம் நொந்து, அன்றோடு வேடம் கட்டுவதை விட்டார் என்பது அந்த வரலாறு.

வேடத்தை விட்டார், மேடையை விடவில்லை. காவி உடுத்திக் கோயில் குளமெல்லாம் சுற்றினார். சங்கரதாஸ் என்ற பெயரோடு சுவாமிகள் என்பதும் அப்படித்தான் சேர்ந்தது. புதுக்கோட்டையில் மான்பூண்டியாப் பிள்ளை என்ற பெரிய லய வித்துவான் இருந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிப் பெருமை சேர்த்தவர் அவரே. அவர் சுவாமிகளைச் சொந்த மகன் போல வைத்துக் கொண்டார். அங்கே தாளக் கணக்கின் நுட்பமெல்லாம் சுவாமிகளுக்குப் பிடிபட்டது. சாகிற வரைக்கும் அவர் இல்லறத்தில் புகவில்லை.

அன்றைய மேடை நிலைமையை இங்கே சொல்ல வேண்டும். தெருக்கூத்தில் பாட்டு இருந்தது. வசனத்துக்கு வரம்பு இல்லை. யார் எப்போது என்ன பேசுவார் என்று யாருக்கும் தெரியாது. ஆபாசம் புகுந்து விளையாடும். இன்னொரு பக்கம் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் வர்ணத் திரைகளையும் ஆர்மோனியத்தையும் கொண்டு வந்து மக்களை மயக்கின. அந்தப் பார்சி அலை நம் பினாங்கையும் விட்டு வைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் 1880களில் பினாங்கில் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம் பிறந்தது. தமிழிலோ, கூத்தின் உயிரை எடுத்து, புது மேடையின் ஒழுங்கில் வைத்து, காட்சி இன்னது, பாட்டு இன்னது, வசனம் இன்னது என்று வரையறுத்து எழுதித் தந்தவர்களில் தலையாயவர் சுவாமிகள். நாற்பதுக்குக் குறையாத நாடகங்கள் அவர் கையால் வந்தன.

வளர்ந்த நடிகர்கள் பலர் குடித்துவிட்டு வருவதையும், சொன்ன பாடத்தை மீறிப் பேசுவதையும் பார்த்துச் சலித்துப் போய், சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் வழியில் இறங்கினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை தோன்றியது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் ஆசிரியரானார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழுலகம் கொண்டாடியவர்கள் அங்கேதான் பால பாடம் படித்தார்கள். அப்போது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. செங்கோட்டைக் கிட்டப்பாவும், திரைப்படத்தில் கொடி கட்டிப் பறந்த பி.யு. சின்னப்பாவும் சுவாமிகளின் கைபட்டு உருவானவர்களே.

இதில் ஒரு துயரமும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. பாய்ஸ் கம்பெனிகளுக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஒரு வாய் சோறு மிச்சம், மாதம் சில ரூபாய் வரவு என்பதற்காகவே கொடுத்தார்கள். விளையாட வேண்டிய வயதில் ராத்திரிக் கண்விழிப்பு, பகலில் பாடம், தப்பினால் அடி. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அம்மாவுக்குத் துணையாக ஒட்டுப்பால் பொறுக்கப் போன பிள்ளைகளின் கதை நமக்குத் தெரியும். அதுவும் இதுவும் ஒரே வறுமையின் இரண்டு முகங்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழையும் தாளத்தையும் ஊட்டிய ஆசிரியர் சுவாமிகள். அதனால்தான் டி.கே. சண்முகம் கடைசி வரைக்கும் தம் ஆசானின் பெயரை ஊரெங்கும் பரப்பி வந்தார்.

அவர் எழுதும் வேகத்துக்கு ஒரு சான்று. அந்தச் சிறுவர்களுக்காக அபிமன்யு சுந்தரி என்ற நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். விளக்கை வைத்துக் கொண்டு உட்கார்ந்தவர், பொழுது விடியும் போது பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் கொடுத்து விட்டார். அபிமன்யுவாக நடித்தவர் பாலகன் சண்முகம்.

இவ்வளவு பேசிய, பாடிய அந்த வாய்க்கு 1921இல் சோதனை வந்தது. பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கின; பேச்சும் நின்றது. ஆயிரக்கணக்கான பாட்டுக் கட்டியவர் சைகையால் பேச வேண்டியதாயிற்று. அப்போதும் கம்பெனியை விட்டுப் பிரியாமல் கூடவே போனார். தாம் எழுதியதைப் பிள்ளைகள் பாட, பேச முடியாமல் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தைந்து. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி வணங்குகிறார்கள்.

அவர் போனார், மேடை நிற்கவில்லை. கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் ஜோடியாக நடித்த வள்ளி திருமணத்துக்கு ஊர் திரண்டது. 1933இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். அதன் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையோடு 1980 வரை வாழ்ந்து, அந்த மேடைக் குரலைத் திரைப்படத்துக்கும் கொண்டு சென்றார். கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்த பிறகும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கங்களில் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் சுவாமிகளின் நாடகங்கள் இன்றுவரை நடக்கின்றன.

இந்த ஸ்பெஷல் நாடகத்தின் விந்தையைக் கேளுங்கள். அதற்கு முதலாளி இல்லை, கம்பெனி இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். கோயில் திருவிழாவுக்குத் தனித்தனியே பேசிக் கூலி முடித்துக் கொண்டு, அன்று ராத்திரிதான் மேடையில் சந்திக்கிறார்கள். அதற்கு முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களாகக்கூட இருக்கலாம். ஆனாலும் விடிய விடிய ஒரு குறையில்லாமல் நாடகம் நடக்கும். எப்படி? எல்லோர் நெஞ்சிலும் இருப்பது ஒரே பாடம்; சுவாமிகள் எழுதிய பாடம். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு இன்றைக்கும் உலை கொதிப்பது அதனால்தான்.

அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊரில் இப்படி ஒரு நாட்டுப்புறப் பாட்டு மேடை உண்டு. 1925 முதல் வானொலி வழியே நடந்து வருவது. 1974இல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, பழைய மேடைப் பலகையில் ஒரு வட்டம் அறுத்தெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். முன்னோர் நின்ற பலகையில் நின்று பாடுவதை அங்குள்ள பாடகர்கள் பெரும்பேறாக நினைக்கிறார்கள். அவர்களுக்குப் பலகை. நமக்கோ பலகை இல்லை. கட்டிய மேடையை மறுநாளே பிரித்து விடுவோம். நம்மிடம் இருப்பது வாய்ப்பாடம் ஒன்றுதான்.

அந்தப் பாடம் கடல் கடந்ததும் அதே காலத்தில்தான். சுவாமிகள் எழுதிக் குவித்த ஆண்டுகளும், கங்காணிமார் நம் பாட்டன் பூட்டிகளை மதுரை, திருச்சி, தஞ்சை, சேலத்துச் சீமைகளிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்குக் கப்பல் ஏற்றிய ஆண்டுகளும் ஒன்றே. வந்தவர்களின் பெட்டியில் காசு இல்லை. ஆனால் நெஞ்சில் வள்ளியும் சாவித்திரியும் இருந்தார்கள். எமனோடு வழக்காடிப் புருசனை மீட்ட சாவித்திரியைப் பார்த்து, கண் தெரியாத காட்டில் தைரியம் பெற்ற தாய்மார் எத்தனை பேரோ!

இன்று தோட்டங்கள் பல இல்லை. பால்மரம் இருந்த இடத்தில் தொழிற்சாலையும் வீடமைப்பும் நிற்கின்றன. மேடை கட்டிய பிள்ளைகள் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். நாடகம் பார்க்க இராத்திரி முழுக்க உட்கார யாருக்கும் நேரமில்லை. அதற்காக யாரையும் நாம் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி.

ஒன்று மட்டும் செய்யலாம். உங்கள் வீட்டிலும் அந்தப் பெரியவரைப் போல் ஒரு ராஜபார்ட்டோ, ஒரு வள்ளியோ, ஒரு பபூனோ மூலையில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். தொலைந்த நோட்டுப் புத்தகம் திரும்பி வராது. தொண்டையில் இருக்கிற பாட்டை இன்னும் காப்பாற்றலாம்.

பாடி முடித்ததும் எழுதியவர் பெயரையும் சொல்லி விடுங்கள். நாம் அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தோம். ஒரு முறை கேட்டார், சங்கரதாஸ் என்று மெதுவாகத் தமக்குள் சொல்லிப் பார்த்துக் கொண்டார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பாட ஆரம்பித்தார்.